ஏழாம் ஷரத்தில் சொந்த ஊர்

புதிதாகச் சேர்ந்த வக்கீல் ஜோஷ் தைரேயாவின் வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்க்கச் சொல்லி குரா அக்கா கொண்டுவந்து வைத்தபோது, மொயெரோவா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தாள். தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன் டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பக்கங்களைப் புரட்டினாள்.

குக் தீவுகளின் தலைத்தீவான ரரோடோங்காவின் அவாருவா ஊரில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்த வக்கீல் அலுவலகம். ஜோஷையும் சேர்த்தால் ஆறு வக்கீல்கள். ஆறில் ஐந்து பேர் நியூசிலாந்திலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர்கள். ஆறாவது ஆளான மொயெரோவாவும் விமானத்தில் வந்தவள்தான். ஆனால் அவள் வந்தது வடக்கே டோங்கரேவா தீவிலிருந்து. அதுவும் இதே நாடு என்பதால் அது கணக்கில் சேராது.

அவர்கள் பார்த்தது டிரஸ்ட் வேலை. எங்கோ அமெரிக்காவில் இருக்கும் பல் டாக்டர்களும் கட்டட முதலாளிகளும், வழக்குப் போட்டு யாரும் பிடுங்கிவிடாதபடி தங்கள் சொத்தை இந்தத் தீவின் பேரில் எழுதிவைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவர்களில் ஒருவரைக்கூட மொயெரோவா நேரில் பார்த்ததில்லை. அலுவலகத்தின் வேலை ஒப்பந்தங்களைப் பார்ப்பதும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. அவள் கையெழுத்துப் பட்டால் பிழை இருக்காது என்று பெயர்.

ஜோஷுக்குச் சம்பளம் வருஷத்துக்கு எண்பத்தைந்தாயிரம் டாலர். அதோடு வீட்டு வாடகைப் படி, மருத்துவக் காப்பீடு, சாமான்களை ஏற்றிவரக் கப்பல் செலவு. வருஷம் ஒரு தடவை சொந்த ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு. அவனுக்கு வயது இருபத்தேழு; படிப்பு முடிந்து மூன்று வருஷம். முப்பத்தெட்டு வயது மொயெரோவாவுக்கு ஐம்பத்திரண்டாயிரம். படி என்று எதுவும் கிடையாது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வருகிறதா என்று ஒரு நிமிஷம் காத்திருந்துகூடப் பார்த்தாள்.

“என்ன பொண்ணே, எல்லாம் சரியா இருக்கா?” என்று குரா அக்கா திரும்பி வந்தாள். அலுவலகத்தில் முதல் நாளிலிருந்து இருப்பவள் அவள். சம்பளப் பட்டியலும் சாவிக்கொத்தும் அவளிடம்தான்.

“நாலாம் பக்கத்துல தேதி தப்பு. மாத்திட்டேன்.”

“சம்பளத்தப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டும் சோறு இறங்குதா உனக்கு?”

“இறங்குது அக்கா. மீன் நல்லாத்தான் இருக்கு.”

குரா அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜோஷ் நல்ல பையன். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் அப்பா வழி முழுக்க ரரோடோங்காவின் அரோராங்கிக்காரர்கள். வந்த நாள்முதல் அங்கே அத்தை வீட்டில் இருந்தான்.

“வாடகைப் படி வாங்குறியே, அத்தைக்கு வாடகை கொடுக்கிறியா?” என்று குரா அக்கா கிண்டல் செய்தாள்.

“கொடுத்தேன் அக்கா. வேணாம் வேணாம்னாங்க. அடுத்த நாள் பாத்தா அந்தப் பணத்துல வீட்டுல புது ஃபிரிட்ஜ் நிக்குது.”

அவன்தான் ஒருநாள் காப்பிக் கோப்பையோடு மொயெரோவாவின் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டான்: “நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க அக்கா? உங்க டிக்கெட்ட இன்னும் எடுக்கலயா?”

“எனக்கு டிக்கெட் கிடையாது.”

“ஏன்? உங்க ஊரும் நாலு மணி நேரம், ஆக்லாந்தும் நாலு மணி நேரம்தானே? விலைகூட உங்களதுதான் மூணு மடங்கு.”

“அது வெளிநாடு இல்லையே.”

“நான் மட்டும் வெளிநாடா? என் தாத்தா, பூட்டன் எல்லாரையும் அரோராங்கி வீட்டு வாசல்லதான் புதைச்சிருக்காங்க.”

மொயெரோவா தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

டோங்கரேவாவுக்கு விமானம் நினைத்தபோது போகாது. ஆள் சேர வேண்டும், அல்லது அரசாங்கக் காரியம் ஏதாவது வர வேண்டும். சரக்குக் கப்பல் வந்தால் வரும். மூன்று மாதம் வராமலும் இருக்கும். வானுவாட்டுவில் சட்டம் படித்த வருஷங்களையும் சேர்த்து, பதினைந்து வருஷத்தில் மொயெரோவா இரண்டே தடவை வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அவளுடைய அப்பா சைத்து அந்தத் தீவின் விமான ஓடுபாதையைப் பார்த்துக்கொள்பவர். விமானம் வரும் நாளில் டிராக்டரில் புல் வெட்டி, விழுந்த மட்டைகளைப் பொறுக்கி, நாய்களை விரட்டிவிட்டு, ஓரத்தில் நிற்பார். சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அந்தப் புண் ஆறவே இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அக்கா தாபித்தா போன் செய்தாள்.

“அப்பா உன்ன ரெண்டு தடவை கேட்டுட்டாரு. சும்மா கேக்குற ஆளாடி அவரு?”

“எப்படி இருக்காரு?”

“காய்ச்சல் வருது, போகுது. வர்ற பதினெட்டாம் தேதி மந்திரி வர்றாராம். பிளேன்ல ரெண்டு சீட்டு காலின்னு சொன்னாங்க. வர்றியா?”

“பாக்குறேன் அக்கா.”

“பாக்குறேன்னா என்ன அர்த்தம்? வர்றேன்னு சொல்லு, இல்ல வரலன்னு சொல்லு. ஆபீஸ் பேச்செல்லாம் என்கிட்ட பேசாத.”

போய்வர மூவாயிரத்து இருநூறு டாலர். மொயெரோவாவின் வங்கிக் கணக்கில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று அவள் விமான அலுவலகத்துக்குப் போகாமல் டெரெக்கின் அறைக்குப் போனாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிற்பாடு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

டெரெக் ஹால்ஸ்டெட் நியூசிலாந்துக்காரர்; அலுவலகப் பொறுப்பு அவரிடம். தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அலுவலகத்துக்குள் செருப்பில்லாமல் நடப்பார். ஊருக்குப் போகத் தனக்கும் அலுவலகச் சீட்டு வேண்டும் என்று அவள் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏழாவது ஷரத்து இருக்கே மொயெ.”

“தெரியும். நான்தான் எழுதினேன்.”

“அதான் சொல்றேன். நீங்க எழுதினா ஓட்டையே இருக்காது” என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அது உண்மைதான். ஒன்பது வருஷத்துக்கு முன், அவள் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்தது. இதே நாட்டின் இன்னொரு தீவான ஐடுடாக்கியிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் தனக்கும் ஊருக்குப் போகச் சீட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டார். இனி யாரும் அப்படிக் கேட்க முடியாதபடி எழுதித் தரச் சொன்னார்கள். மொயெரோவா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள்: ‘சொந்த ஊர் என்றால், பணியாளர் இங்கே சேருமுன் வசித்துவந்த, குக் தீவுகளுக்கு வெளியே உள்ள இடம் என்று பொருள்.’ எழுதும்போது டோங்கரேவா அவள் நினைவில் வரவே இல்லை. நல்ல வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. டெரெக் அன்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“பங்குதாரர்கள்கிட்ட கேக்குறேன்” என்றார் இப்போது. “மாசக் கடைசியில ஆக்லாந்துல கூட்டம். அதுக்கு முன்னாடியே மெயில் போட்டுப் பாக்குறேன். இப்போதைக்கு நீங்களே டிக்கெட் எடுத்துப் போயிட்டு வாங்களேன். அவங்க சரின்னா திருப்பித் தந்துடுறோம்.”

“வேணாம். அவங்க சொல்லட்டும்.”

“உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லங்கிறீங்க...”

“அவங்க சொல்லட்டும் டெரெக்.”

விஷயம் தெரிந்து ஜோஷ் ஓடிவந்தான். “என் டிக்கெட்ட எடுத்துக்கோங்க அக்கா. இந்த வருஷம் நான் ஆக்லாந்து போகல.”

“ஒருத்தர் சீட்ட இன்னொருத்தருக்கு மாத்த முடியாது. ஏழாவது ஷரத்து, மூணாவது உட்பிரிவு.”

“அதையும் நீங்கதான் எழுதினீங்களா?”

“ஆமா.”

“அடப்பாவமே!” என்றான்.

பதினேழாம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிவரை கடைசி இருக்கையைப் பிடித்துவைப்பதாக விமான அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆக்லாந்திலிருந்து பதில் வரவில்லை. மொயெரோவா ஒரு பல் டாக்டரின் டிரஸ்ட் பத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டேகாலுக்கு விமான அலுவலகப் பெண் போன் செய்தாள்.

“வேணாமா அக்கா?”

“இன்னும் பதில் வரல.”

“அப்ப வேற ஆளுக்குக் கொடுத்துடவா?”

“கொடுத்துடுங்க.”

போனை வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.

அப்பா இருபத்தாறாம் தேதி காலையில் இறந்தார். அந்தத் தீவில் உடலை வைத்திருக்க வசதி இல்லை, மறுநாளே அடக்கம். தாபித்தா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, மொயெரோவா அலுவலகத்துப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டாள். சனங்கள் பாடிய பாட்டு விட்டுவிட்டு வந்தது. இரண்டு தடவை அறுந்தது. மூன்றாம் தடவை இணைப்புக் கிடைத்தபோது மண் தள்ளி முடித்துவிட்டிருந்தார்கள்.

அவாருவாவில் இருந்த டோங்கரேவாக்காரர்கள் தங்கள் மண்டபத்தில் பாய் விரித்து, பன்றியும் கிழங்கும் சமைத்து, பொழுது சாயும்வரை பாடினார்கள். மொயெரோவா தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “கல்லு மாதிரி தாங்கிக்கிட்டா” என்று ஒரு கிழவர் மெச்சினார். அவள் எதையும் தாங்கவில்லை. தாங்குவதற்கு எதுவும் அவள்மேல் வந்து விழவே இல்லை.

துக்க விடுப்பு மூன்று நாள். இரண்டாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள்.

“வீட்டுல கிடக்கவேண்டியதுதானே?” என்றாள் குரா அக்கா.

“வீட்டுல என்ன செய்யுறது?”

அதன்பின் சாப்பாட்டுக்கு ருசி இல்லை, ஆனால் சாப்பிட்டாள். தூங்கினாள் என்று சொல்ல முடியாது, படுத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் தீவை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தன் வாசல் வந்ததும் நிறுத்தினாள். வழியில் யார் கையசைத்தார்கள், மழை பெய்ததா, எதுவும் நினைவில்லை. சட்டை நனைந்திருந்தது.

மாதக் கடைசியில் பங்குதாரர்கள் கூடினார்கள். கடிதம் வந்தது: பரிவின் அடிப்படையில், ஒருமுறை மட்டும், விசேஷ அனுமதி. கூடவே, ஏழாவது ஷரத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்றவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். டெரெக் அதை அவளிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

“ஷரத்த ஜோஷ எழுதச் சொல்லவா?”

“நானே எழுதுறேன்.”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ‘சொந்த ஊர் என்றால், தம் குடும்பம் இருக்கும் இடம் என்று பணியாளர் எழுதிக்கொடுக்கும் இடம்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘சீட்டைப் பணியாளர் அங்கே போகவோ, அங்கிருந்து ஒருவர் இங்கே வரவோ பயன்படுத்தலாம்.’

டெரெக் படித்தார். “இந்தக் கடைசி வரி...”

“வேணும்.”

அவர் அதை அப்படியே ஆக்லாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். குரா அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை: “எழுதுறதுதான் எழுதின, சம்பளத்துக்கும் ஒரு வரி சேத்துப் போட்டிருக்கலாம்ல?”

“தோணல அக்கா.”

“தோணாது. உனக்கு இப்ப என்னதான் தோணுது?”

மொயெரோவா அடுத்த பத்திரத்தை எடுத்து விரித்தாள்.

அவள் ஊருக்குப் போகவில்லை. அக்டோபரில் விளையாட்டுக் குழு ஒன்றை ஏற்றிவர விமானம் போனபோது, அந்தச் சீட்டில் தாபித்தா வந்தாள். பதினாலு வருஷம் கழித்து ரரோடோங்காவில் கால்வைத்தவள், நேரே அலுவலகத்துக்கு மாடியேறினாள். ஒரு கையில் பை, மறு கையில் உறைந்த சிப்பிக் கறி நிறைந்த பெட்டி. அகலமான பெண்மணி, அவள் நுழைந்ததும் அறை சின்னதாகிப்போனது.

“இதுல டெரெக்குங்கிறது யாரு?”

“நான்தான்” என்று டெரெக் எழுந்து நின்றார்.

“எங்கப்பா சாகக் கிடந்தப்ப நீங்க கூட்டம் போடக் காத்துக்கிட்டு இருந்தீங்களாமே?”

“ஆமாம்மா. தப்புதான். மன்னிச்சிடுங்க.”

தாபித்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருடைய வெறுங்காலையும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து குரா அக்காவுக்கு ஒரு பொட்டலம், ஜோஷுக்கு ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள்.

“அவருக்கு?” என்று குரா அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“அவருக்குக் கொடுக்கலாமா வேணாமான்னு நாங்களும் ஊர்ல ஒரு கூட்டம் போட்டு முடிவு பண்றோம். மாசக் கடைசியில சொல்றேன்.”

டெரெக்கின் கழுத்து சிவந்தது. ஜோஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மொயெரோவாவுக்கு உதடு லேசாக இழுத்தது. அது சிரிப்புத்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மொயெரோவா வேலைக்குக் கிளம்பி, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். தாபித்தா தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேச ஆரம்பித்தாள்.

“பதினெட்டாம் தேதி என்ன நடந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லையே.”

“என்ன நடந்துச்சு?”

“நீ வர்றதா அப்பா நெனச்சுக்கிட்டாரு. வரலன்னு நான் சொன்னேன், காதுலயே போட்டுக்கல. காய்ச்சலோட டிராக்டர எடுத்துட்டுப் போனாரு. ஒரு தடவை போதும், ரெண்டு தடவை ஓடுபாதை முழுக்கப் புல்லு வெட்டினாரு. நாயையெல்லாம் விரட்டிட்டு ஓரமா நின்னாரு. பிளேன் வந்துச்சு. மந்திரி இறங்கினாரு, கூட ஆளுங்க இறங்கினாங்க. கதவைச் சாத்துற வரைக்கும் நின்னுட்டு என்கிட்ட கேட்டாரு: ‘அவ சீட்டுல யாரு வந்திருக்கா?’ன்னு.”

மொயெரோவா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு வந்திருந்தா?”

“தண்ணித் தொட்டி பாக்குற இஞ்சினியர் ஒருத்தரு.”

“நல்ல மனுஷனா?”

“நல்ல மனுஷன்தான். அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டியாந்து சாப்பாடு போட்டாரு. அவரு நம்ம தொட்டி ஓட்டையையும் அடைச்சுக் கொடுத்துட்டுப் போனாரு.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“என்கிட்ட பணம் இருந்துச்சு அக்கா” என்றாள் மொயெரோவா.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ வக்கீலு. ஒரு டிக்கெட்டுக்குப் பணம் இல்லாமயா இருப்ப? அதான் எனக்கு வெளங்கல. ஏன்டி வரல?”

“அவங்க தரணும்னு நெனச்சேன். எல்லாருக்கும் தர்றாங்க. எனக்கும் தரணும்னு நெனச்சேன்.”

தாபித்தா குழாயை மூடினாள். திட்டுவாள் என்று மொயெரோவா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

“தரணும்தான்” என்றாள் தாபித்தா. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தாள். “நின்னுக்கிட்டே இருக்காத. வந்து உக்காரு.”

மொயெரோவா போய் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். அலுவலகச் சட்டையோடு, அக்காவின் தொடையோரம் தலையை வைத்து, இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனாள். ஒன்பது மணிக்கு அவளுடைய போன் அடித்தது. தாபித்தா எட்டி எடுத்தாள்.

“மொயெ இன்னும் வரலயே? உடம்பு சரியில்லையா?” என்றார் டெரெக்.

“தூங்குறா.”

“ஓ. சரி, எழுந்ததும் ஒரு பத்திரம்...”

“எழுந்ததும் சாப்பிடுவா” என்று சொல்லி தாபித்தா போனை அணைத்து வைத்தாள்.

மறுநாள் விடியும்வரை மொயெரோவா எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமைதான் வேலைக்குப் போனாள். விடுப்பு என்று எழுதலாமா, உடம்பு சரியில்லை என்று எழுதலாமா என்று குரா அக்கா கேட்டதற்கு, “உனக்கு எது சௌகரியமோ அதை எழுது” என்றாள். டிசம்பரில் கப்பல் வந்தது. தாபித்தா இரண்டு மூட்டை மாவும் ஒரு தையல் மிஷினும் வாங்கிக்கொண்டு ஏறிப்போனாள். புது வருஷத்தில் மொயெரோவாவின் சம்பளத்தில் ஆறாயிரம் ஏற்றிப்போட்டார்கள். அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் அவள் ஊருக்குப் போனாள். வீட்டு வாசலில் அப்பாவின் சமாதிக்கு வெள்ளையடித்திருந்தார்கள். திரும்பும் விமானம் ரத்தாகி, கப்பலும் வராமல், பத்து நாளுக்கென்று போனவள் நாற்பது நாள் அங்கேயே இருக்கும்படி ஆனது. மீன் பிடித்தாள், தேவாலயத்துக்குப் போனாள், அக்கா பிள்ளைகளுக்குத் துணி தைத்தாள். கறுத்து, கொஞ்சம் பருத்துத் திரும்பி வந்தாள்.

குரா அக்கா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்: “அழுதியா பொண்ணே?”

“ஒரு நாள் வந்துச்சு. சட்டி கழுவும்போது.”

“நெறயவா?”

“இல்ல. கொஞ்ச நேரம்” என்று சொல்லிவிட்டு மொயெரோவா தன் மேசைக்குப் போனாள்.